நீலக் காது

அத்தியாயம் ஒன்பது

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. டிரைவர் எஞ்சினை அணைத்ததும் பஸ்ஸுக்குள் இருந்த வெக்கை எல்லார் மேலும் வந்து உட்கார்ந்தது. சாலைக்கு இரண்டு பக்கமும் குறுவைப் பயிர் அசையாமல் நின்றது. ஹஃப்ஸா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தபடி, நேற்று மாலை வந்த மெயிலை இன்னொரு தடவை திறந்தாள்.

பெயர் போடாத யாரோ ஒருவர் இங்கிலீஷில் எழுதியிருந்தார். உங்கள் ‘காதோரம்’ செயலியில் ஜனங்கள் பேசி அனுப்புகிற குரல்கள் பூட்டி வைக்கப்படவில்லை. இணைய முகவரியின் கடைசியில் இருக்கிற எண்ணை மாற்றினால் அடுத்த வீட்டுப் பேச்சு கேட்கிறது. நான் ஒன்றிரண்டைக் கேட்டுவிட்டு, மனசு கேட்காமல் நிறுத்திக்கொண்டேன். எல்லோரும் நிறுத்துவார்கள் என்று சொல்ல முடியாது.

மெயிலைக் கவிப்ரியாவுக்கு அப்போதே அனுப்பியிருந்தாள். “காலைல வா, பேசுவோம். யார்கிட்டயும் சொல்லாத” என்று பதில் வந்தது.

சொல்வதற்கு யார் இருக்கிறார்கள்? கூத்தாநல்லூர் வீட்டில் அவளும் மாமியார் கமருன்னிஸாவும் மட்டும்தான். மாமனார் காலமாகி வருஷங்கள் ஆகின்றன. கணவன் அப்துல் ரஹ்மான் ஷார்ஜாவில் கட்டட சூப்பர்வைசர். முன்பெல்லாம் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை போனில் கூப்பிடுவான். பக்ரீத் சமயத்தில் அதுவும் நின்றுபோனது. புது சைட், உள்ளே போன் எடுத்துப் போக விடுவதில்லை, ரூமில் எந்நேரமும் யாராவது ஷிஃப்ட் முடிந்து தூங்குகிறார்கள், கூப்பிட வேண்டாம் என்று எழுதியிருந்தான். செலவுக்குப் பணம் தவறாமல் வந்தது. ஆகவே யாரும் எதையும் சந்தேகப்படவில்லை.

கூப்பிட முடியாதவர்களுக்காகத்தானே காதோரம்! கல்லூரித் தோழி கவிப்ரியா தஞ்சாவூரில் தொடங்கிய சின்னக் கம்பெனி அது; ஹஃப்ஸா அதில் சாஃப்ட்வேர் எழுதுகிறாள். செயலியைத் திறந்து பேசி அனுப்பினால் போதும். அந்தப் பக்கம் சிக்னல் கிடைக்கும்போது போய்ச் சேரும். அவர்கள் கேட்டுவிட்டால், பேச்சுக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் இருக்கிற குட்டிக் காது நீலமாகிவிடும். படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது புரிந்தது. அந்த நீலக் காதுக்காகவே கூத்தாநல்லூரில் தொடங்கி சீர்காழி வரைக்கும், வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகளில் எல்லாம் காதோரம் பேர் வாங்கியிருந்தது.

ஹஃப்ஸா துப்பட்டா முனையால் வாயை மறைத்துக்கொண்டு, அப்துல் ரஹ்மானுக்கு மெல்லிய குரலில் பேசி அனுப்பினாள்.

“மச்சான், கேட்டுல மாட்டிக்கிட்டு நிக்கிறேன். ஆபீஸ்ல பெரிய பிரச்சினை. எனக்குப் பயமா இருக்கு. உங்ககிட்ட ஒரு நிமிஷம் பேசினாத் தேவலை போல இருக்கு.”

ரயில் கடந்து, கேட் திறந்து, பஸ் கிளம்புவதற்குள் காது நீலமாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் எழுத்தில் பதில் வந்தது.

‘கேட்டேன். நல்லா இருக்கேன். வேலை ஜாஸ்தி.’

பயமாக இருக்கிறது என்று சொன்னவளுக்கு இதுதான் பதில். போனைப் பைக்குள் போட்டுவிட்டு, தஞ்சாவூர் வரைக்கும் அவள் அதை வெளியே எடுக்கவில்லை.

மருத்துவக் கல்லூரி சாலையில், ஒரு மெத்தைக் கடைக்கு மேல் மாடியில் அலுவலகம். மற்றவர்கள் அவரவர் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால், பெரும்பாலும் ஹஃப்ஸாவும் மின்விசிறியும்தான் அங்கே இருப்பார்கள். இன்றைக்குக் கவிப்ரியா முன்னாடியே வந்திருந்தாள். கஞ்சி போட்ட கைத்தறிப் புடவை. மத்தியானம் சென்னையிலிருந்து முதலீட்டாளர்கள் வருகிறார்கள். காதோரம் அடுத்த வருஷமும் இருக்குமா இல்லையா என்பது அவர்கள் கையில் இருந்தது.

“அந்த ஆளு சொல்றது நெஜமா?” உட்காரக்கூட விடாமல் கேட்டாள்.

“பாத்துடலாம். நீ உன் ஆப்லேர்ந்து உங்க அம்மாவுக்கு ஏதாவது பேசி அனுப்பு.”

கவிப்ரியா ஜன்னல் பக்கம் போய்ப் பேசிவிட்டு வந்தாள். ஹஃப்ஸா எந்தக் கணக்கிலும் நுழையாத வெறும் கம்ப்யூட்டரில் முகவரியை அடித்தாள். கடைசி எண்ணை மாற்றினாள். இன்னொரு தடவை மாற்றினாள்.

“அம்மா, சாயங்காலம் லேட்டாகும். சாப்புடாம உக்காந்திருக்காத” என்று கவிப்ரியாவின் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

கவிப்ரியா முகம் வெளுத்துப் போனாள். சொந்தக் குரல் அப்படி அநாதையாக எங்கிருந்தோ வந்து விழுவதைக் கேட்க யாருக்குத்தான் பிடிக்கும்!

“எப்படி இதை இத்தனை நாளா பாக்காம விட்டோம்?”

“முதல் வருஷம் அவசரத்துல எழுதினது. பேருக்குப் பதிலா வரிசையா நம்பர் போட்டுட்டான். கேக்குறவங்க யாருன்னு சர்வர் ஒரு இடத்துலயும் பாக்கல. எழுதினவன் இப்ப சென்னையில வேற கம்பெனில இருக்கான்.”

“அடைச்சிடலாமா?”

“அடைச்சிடலாம். இனிமே ஒவ்வொரு தடவை ஒரு பேச்சைத் திறக்கும்போதும், திறக்குறது அதுக்கு உரியவங்கதானான்னு சர்வர் கேக்குற மாதிரி மாத்திடுறேன். மத்தியானத்துக்குள்ள ஆயிடும்.”

“அப்ப அடைச்சிடு. அடைச்சிட்டு மூச்சு விடாத.”

ஹஃப்ஸா நாற்காலியைத் திருப்பினாள். “ஜனங்களுக்குச் சொல்லணும் கவி.”

“இன்னிக்கா? அவங்க வர்ற நாள்லயா?”

“வீட்டுச் சண்டை, சாவு, பொண்ணு பாக்குறது எல்லாம் இதுலதான் பேசுறாங்க. யாரோ ஒருத்தர் கேட்டிருக்காரு. அவருக்கு முன்னாடி யாரு கேட்டாங்கன்னு நமக்குத் தெரியாது.”

“நீ மொதல்ல அடை. அப்புறம் பேசலாம்” என்று கவிப்ரியா எழுந்து போனாள். போகும்போது கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். கோபத்தைவிடப் பயம்தான் அதில் இருந்தது. இந்தக் கம்பெனிக்காக, தேடி வந்த வரன்களைத் தள்ளிப்போட்டவள் அவள்.

ஹஃப்ஸா வேலையில் இறங்கினாள். வேலை இருக்கும்வரை அவளுக்கு வேறெதுவும் தோன்றாது. கீழே மெத்தைக் கடையில் ஆட்டோ வந்து நிற்பதும், மெத்தையைச் சுருட்டிக் கட்டுவதும் எங்கோ தூரத்தில் நடந்தன. பூட்டு ஒவ்வொன்றாகப் போட்டாள். பூட்டைத் திறந்து பார்த்தாள். இனி வெளியாள் வந்தால் கதவு திறக்காது என்று உறுதியானபோது, மத்தியானத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லி வெகு நேரம் ஆகியிருந்தது.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

புதுப் பூட்டுப்படி, ஒருவர் பேச்சைத் திறந்து கேட்டால்தான் காது நீலமாகும். பழைய ஏற்பாடு அப்படி இல்லை. வைஃபை இருக்கிற இடத்தில் போன் இருந்தால், பேச்சு தானாகவே அதற்குள் இறங்கிவிடும். இறங்கிய அந்தக் கணமே காது நீலமாகிவிட்டிருக்கிறது. கேட்டார்களா, கேட்கவில்லையா என்று பழைய ஏற்பாடு பார்த்ததே இல்லை.

அவள் கை விசைப்பலகைமேல் அப்படியே நின்றது.

நிஜமாகவே ஒரு பேச்சு எத்தனை தடவை ஓடியது என்ற விவரம் வேறொரு மூலையில், யாரும் எட்டிப் பார்க்காமல், சேர்ந்துகொண்டே இருந்தது. புது ஏற்பாடு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஏதாவது ஒரு கணக்கு வேண்டும். மற்றவர்களுடையதைத் தொடக்கூடாது. தன்னுடையதைத் திறந்தாள்.

சித்திரையில் அவள் பேசியவை எல்லாம் கேட்கப்பட்டிருந்தன. வீட்டுக் கொல்லையில் கீரிப்பிள்ளை வந்து, மாமி விளக்குமாற்றோடு துரத்திய கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருந்தாள். அதை அப்துல் ரஹ்மான் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தான். ஒரே நாளில், வேலை நேரத்தில்கூட.

பக்ரீத்துக்குச் சில நாள் முன்னாலிருந்து ஒன்றுமில்லை.

எல்லாம் போய் இறங்கியிருந்தன. ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை. பெருநாள் அன்று அழுதுகொண்டே பேசியது; மாமிக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து பேசியது; மழை பெய்த சாயங்காலம் ஒன்றும் விசேஷமில்லாமல் சும்மா பேசியது; காலையில், பயமாக இருக்கிறது என்று சொன்னது. ஒவ்வொன்றுக்கும் பதில் மட்டும் வந்திருக்கிறது. கேட்டேன். நல்லா இருக்கேன்.

இரண்டு மாதமாக அவள் யாரோடும் பேசிக்கொண்டிருக்கவில்லை.

ஹஃப்ஸா எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். டம்ளரைக் கழுவி வைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது, கை தானாக மாமியாரின் நம்பரை அடித்திருந்தது. ஒரு தட்டு தட்டினால் போதும். அம்மா பேசுவதையாவது கேட்கிறானா, இல்லை அதுவும் இப்படித்தானா என்று தெரிந்துவிடும். மாமி தினமும் பொழுது சாய்ந்ததும் மஃரிப் தொழுதுவிட்டு, அறைக் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு மகனோடு பேசுவார். வெளியே வரும்போது முகம் தெளிந்திருக்கும். கேட்காமலா இருப்பான்? பெற்றவள் ஆயிற்றே. தன் பேச்சுதான் அவனுக்கு அலுத்துவிட்டது.

அடித்த நம்பரை ஒவ்வொரு எண்ணாக அழித்தாள். அடுத்தவர் வீட்டைத் திறந்து பார்க்கக் கூடாது என்றுதானே காலையிலிருந்து பூட்டுப் போடுகிறாள். மாமியாரும் அதில் ஒருவர்தான்.

கவிப்ரியாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். தன்னுடையதைச் சொல்லவில்லை. காதின் கதையை மட்டும் சொன்னாள்.

கவிப்ரியா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். “அப்படின்னா நீ இதை அனுப்பினா என்ன ஆகும்?”

“கேக்காத பேச்சுக்கு எல்லாம் காது சாம்பலாயிடும். பழசுக்கும் சேத்து.”

“எல்லார் வீட்லயுமா?”

“எல்லார் வீட்லயும்.”

“உனக்கென்ன பைத்தியமா ஹஃப்ஸா? புள்ள கேக்குறான், புருஷன் கேக்குறான்னு நெனச்சு நிம்மதியா இருக்காங்க. அதுல போய் மண்ணைப் போடணுமா? ஓட்டையை அடை. காதை விட்டுடு. அது பாட்டுக்கு நீலமா இருந்துட்டுப் போகட்டும்.”

“அது பாட்டுக்கு இருக்காது கவி. புதுப் பூட்டுல அது நெஜத்தைத்தான் காட்டும். பொய்யா நீலமா வச்சிருக்கணும்னா அதுக்குன்னு தனியா எழுதணும்.”

“எழுதேன்!”

“நான் எழுத மாட்டேன்.”

அவள் குரல் ஏறவில்லை. ஆனாலும் கவிப்ரியா நிமிர்ந்து பார்த்தாள். தோழியின் கண் சிவந்திருப்பதை அப்போதுதான் கவனித்தாள் போலிருக்கிறது.

“என்னடீ ஆச்சு?”

“ஒண்ணும் இல்ல. சுவத்துகிட்டப் பேசிக்கிட்டு இருக்கோம்னு தெரிஞ்சா, ஒருத்தி வேற ஏதாவது செய்வா. எழுந்து போய்த் தேடுவா. சண்டை போடுவா. தெரியலன்னா பேசிக்கிட்டே இருப்பா. அவளை அப்படியே பேச வச்சுக்கிட்டு இருக்க நமக்கு என்ன உரிமை இருக்கு?”

கவிப்ரியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு போனை எடுத்தாள். “எழுத்துல போட்டா பாதிப் பேர் படிக்க மாட்டாங்க. நான் பேசுறேன். எல்லாருக்கும் என் குரல்லயே அனுப்பு.”

மூன்று தடவை பேசிப் பார்த்துவிட்டு, நாலாவதாகப் பேசியதை ஹஃப்ஸாவிடம் கொடுத்தாள்.

“காதோரத்துலேர்ந்து கவிப்ரியா பேசுறேங்க. எங்க தப்பால, நீங்க பேசி அனுப்பினதை வெளியாள் கேக்குற மாதிரி ஒரு ஓட்டை இருந்துச்சு. இன்னிக்கு அடைச்சிட்டோம். இன்னொண்ணு. நீலக் காது இதுவரைக்கும் சரியாக் காட்டல. இனிமே கேட்டாத்தான் நீலமாகும். பழசும் மாறியிருக்கும். மன்னிச்சுக்குங்க. கோவம் இருந்தா இந்த நம்பருக்கே கூப்பிட்டுத் திட்டுங்க.”

சென்னைக்காரர்கள் வந்தார்கள். கவிப்ரியா அவர்களுக்கு முதலில் இதைத்தான் சொன்னாள். அவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள், காபி குடித்தார்கள், கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள். மாடிப்படியில் அவர்கள் காலடிச் சத்தம் ஓய்ந்ததும், “இப்ப அனுப்பு” என்றாள் கவிப்ரியா.

ஹஃப்ஸா புதுப் பூட்டையும் கவிப்ரியாவின் குரலையும் சேர்த்து அனுப்பினாள். கவிப்ரியாவின் போன் அடிக்கத் தொடங்கியது. ஒன்று முடிவதற்குள் அடுத்தது. அவள் ஒவ்வொன்றையும் எடுத்து, “ஆமாங்க, எங்க தப்புதாங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஹஃப்ஸா பையை எடுத்துக்கொண்டு நின்றபோது, ‘நீ போ’ என்று கையால் சைகை காட்டினாள்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். அம்மாப்பேட்டையில் ஏறிய நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி முன் சீட்டில் இடம் பிடித்து, மடியில் காய்கறிப் பையை வைத்துக்கொண்டு போனைப் பார்த்தாள். கவிப்ரியாவின் குரல் பஸ் இரைச்சலுக்கு மேலே கேட்டது. அந்தப் பெண் முழுவதையும் கேட்டாள். பிறகு விரலால் தள்ளித் தள்ளி மேலே போனாள். ஹஃப்ஸாவுக்கு அவள் தோளுக்கு மேலாகத் திரை தெரிந்தது. சாம்பல், சாம்பல், சாம்பல். நடுவில் ஒரே ஒரு நீலம்.

அந்தப் பெண் நீலமாயிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். போனை அணைத்து, காய்கறிப் பைக்குள் கீரைக்கட்டுக்கு அடியில் போட்டாள். நீடாமங்கலம் வருகிற வரைக்கும் வெளியே வயலையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது பக்கத்து சீட்டுக்காரியிடம், “கொஞ்சம் வழி விடுங்கக்கா” என்று சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அவளைக் கூப்பிட்டு ஏதாவது சொல்லலாமா என்று ஹஃப்ஸாவுக்கு இருந்தது. என்ன சொல்வது? உங்களுக்கு இதைச் செய்தவள் நான்தான் என்றா? எனக்கும் அப்படித்தான் என்றா?

வீட்டுக்கு வந்து சேரும்போது மஃரிப் முடிந்திருந்தது. கூடத்தில் விளக்குப் போடவில்லை. மாமியின் அறையில் மட்டும் வெளிச்சம். கதவு ஒருக்களித்திருந்தது. பேச்சுச் சத்தம் இல்லை.

“மாமி?”

“வா புள்ள.”

கமருன்னிஸா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஆபரேஷனுக்குப் போட்ட கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் போன்.

“உன் சிநேகிதி பேசினதைக் கேட்டேன். தைரியமான பொண்ணு.” போனை அவள் பக்கம் நீட்டினார். “இதைப் பாரு. எல்லாம் வெளுத்துப் போச்சு.”

ஹஃப்ஸா வாங்கிப் பார்த்தாள். பக்ரீத்துக்கு முன்னாலிருந்து, கீழே கடைசி வரைக்கும், ஒரே சாம்பல். தன் போனைப் போலவே.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். “மாமி… நீங்க பேசுறதையும் அவங்க கேக்கலயா?”

“எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“கேக்கலன்னு தெரியும்.” கமருன்னிஸா புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தார். “கண்ணு ஆபரேஷன்னு சொன்னேன். ‘நல்லா இருக்கேம்மா, வேலை ஜாஸ்தி’ன்னு வந்துச்சு. என் புள்ள அப்படிப் பதில் சொல்ல மாட்டான். சின்னதா ஒரு காச்சல்னாகூட பத்து கேள்வி கேப்பான். அப்புறம் ஒரு நாளு, பொத்தானை அமுத்திக்கிட்டு ஒண்ணும் பேசாம இருந்தேன். வெறும் மூச்சுதான் போயிருக்கும். அதையும் அனுப்பினேன். அதுக்கும் ‘கேட்டேம்மா, நல்லா இருக்கேன்’னு பதில் வந்துச்சு.”

“அப்ப ஏன் மாமி தினமும் பேசினீங்க?”

“வேற யார்கிட்டப் பேசுறது?”

அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதிலாகச் சொன்னார்.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ வாசல்ல நின்னு அவன்கிட்டப் பேசிட்டு உள்ள வருவ. முகத்துல ஒரு சிரிப்பு இருக்கும். உன் பேச்சையாவது கேக்குறான்னு நெனச்சேன். பொண்டாட்டி பேச்சைக் கேக்குறான், அம்மா பேச்சு அவனுக்குச் சலிச்சுப் போச்சு, அது நடக்குறதுதானேன்னு விட்டுட்டேன். அதைப் போய் உன்கிட்டச் சொல்லி எதுக்கு உன்னைச் சங்கடப்படுத்தணும்?”

ஹஃப்ஸா தன் போனைத் திறந்து, மாமியின் போனுக்குப் பக்கத்தில் மெத்தைமேல் வைத்தாள்.

கமருன்னிஸா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பார்வை போய்ப் போய் வந்தது. பிறகு மருமகளின் கையைப் பிடித்தார். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமி அவளை அதட்டியதும் இல்லை, இப்படிக் கையைப் பிடித்ததும் இல்லை. ஒரே கூரைக்குக் கீழே, ஆளுக்கொரு அறையில், ஒரே ஆளை நோக்கித் தனித்தனியாகப் பேசிக்கொண்டே இத்தனை நாள் போயிருக்கிறது.

“அவனுக்குப் போன் போடு” என்றார்.

“கூப்பிடக்கூடாதுன்னு…”

“நேரா போடு. தூங்குனா எழும்பட்டும்.”

ஹஃப்ஸா ஷார்ஜா நம்பரை அடித்து, ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். இந்தத் தடவை எடுத்தார்கள்.

“ஹலோ.”

அவன் குரல் இல்லை.

“அப்துல் ரஹ்மான் இல்லீங்களா?”

அந்தப் பக்கம் யாரோ டிவியின் சத்தத்தைக் குறைத்தார்கள். “நீங்க… ஹஃப்ஸாங்களா?”

“ஆமா. நீங்க யாரு?”

“இராஜாங்கம்ங்க. சீர்காழிப் பக்கம். அவரோட ஒரே ரூம்ல இருந்தேன். இன்னிக்கு அந்தக் காதெல்லாம் வெளுத்துப் போனதைப் பாத்ததுமே நெனச்சேன் தங்கச்சி. கூப்பிடுவீங்கன்னு.”

“அவரு போன் ஏன் உங்ககிட்ட இருக்கு?”

“நான் ஒண்ணையும் கேக்கல தங்கச்சி. சாமி சத்தியமா ஒண்ணையும் திறக்கல. அடுத்த வீட்டுப் பேச்சு, நமக்கு எதுக்கு? வந்தா இப்படிப் பதில் போடுங்க, மாசாமாசம் இந்தப் பணத்தை அனுப்புங்கன்னு சொல்லிக் குடுத்துட்டுப் போனாரு. போட்டேன். அது தப்புதான்.”

“போனாருன்னா? எங்க போனாரு?”

“ஊருக்குத்தான். பக்ரீத்துக்கு முந்தின வாரம். திருச்சி ஃப்ளைட். நான்தான் ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். வீட்டுக்கு இன்னும் வரலியா?”

திருச்சி. காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். இரண்டு மாதமாக அவன் இந்தப் பக்கத்துக் காற்றைத்தான் சுவாசித்துக்கொண்டு இருக்கிறான்.

கமருன்னிஸா போனை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். “தம்பி, நான் அவன் அம்மா பேசுறேன். போகும்போது எம்புள்ள நல்லா இருந்தானா?”

பதில் இல்லை.

“தம்பி?”

“சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரும்மா.”

“இருக்கட்டும். பெத்தவ கேக்குறேன்.”

“சைட்ல சாரம் சரிஞ்சிடுச்சும்மா. ஏர்போர்ட்ல வீல் சேர்ல உக்கார வச்சுத்தான் தள்ளிக்கிட்டுப் போனேன். இந்தக் கோலத்துல வீட்டுப் பொம்பளைங்க முன்னாடி போய் நிக்க மாட்டேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அங்க அவரை யாரு வந்து கூட்டிக்கிட்டாங்கன்னு எனக்குத் தெரியாதும்மா. இறங்கினதும் புது நம்பர்லேர்ந்து கூப்பிடுறேன்னாரு. கூப்பிடல.”

எதிர்முனையில் யாரோ இராஜாங்கத்தைக் கூப்பிட்டார்கள். அவர், “மன்னிச்சுக்குங்கம்மா, ட்யூட்டிக்கு வண்டி வந்துடுச்சு” என்றார். தொடர்பு அறுந்தது.

கமருன்னிஸா போனை மெத்தைமேல் வைத்தார். அழுவார் என்று ஹஃப்ஸா நினைத்தாள். அவர் எழுந்து, பீரோவைத் திறந்து, வெளியூர் போகும்போது போட்டுக்கொள்கிற புர்காவை எடுத்து உதறினார். ஆபரேஷன் ஆன கண்ணில் தூசி படக்கூடாது என்று டாக்டர் சொன்னது அந்த நிமிஷத்தில் யாருக்கும் நினைவில்லை.

“காலைல முதல் பஸ்ஸு எத்தனை மணிக்கு?”

“திருச்சிக்கா? அங்க போயி எங்கேன்னு தேடுறது மாமி? யாரைக் கேக்குறது?”

“தெரியல.”

“நீங்க இருங்க. உங்களுக்குக் கண்ணு இன்னும் ஆறல. நான் மட்டும் போய்ப் பாத்துட்டு வர்றேன்.”

கமருன்னிஸா புர்காவை மடித்துக் கட்டிலின் தலைமாட்டில் வைத்தார்.

“இவ்வளவு நாளா தனித்தனியா இருந்தது போதும் புள்ள” என்றார். “நானும் வர்றேன்.”